பிடரியில் ஒரு சூடு

இருளாயி அக்காவிடம் மன்னிப்பு என்ற சாமான் கிடையாது. அவள் ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்த புதிதில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தவளை எழுப்பிவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்தார் ஜெயபாலன். அதே ஜெயபாலன் பல வருடம் கழித்துப் பேரன் காதுகுத்துக்கு ஆட்டுக்கறி சமைக்க அவளைக் கூப்பிட்டார். போனாள், சமைத்தாள், ஒரு சிட்டிகை உப்புப் போடாமல் இறக்கி வைத்தாள். "பந்தியில எழுப்பிவிடுற ஆளுங்களுக்கு இது போதும்லா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. நானும் லேசில் விடுகிற ஆள் இல்லை.

அவள் பிறந்தது சுங்காய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். கல்யாணம் கட்டியதும் அங்கேதான், பால் வெட்டியதும் அங்கேதான். தோட்டம் கைமாறிச் செம்பனை போட்டபோது லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். புருஷன் ஐயாவு அந்த ஏக்கத்திலேயே படுத்துப் போய்ச் சேர்ந்தான். கைப்பிள்ளை தினேஸ்வரியோடு ஈப்போவுக்கு வந்து, லியாகத் அலி பாய் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்த்து மகளை ஆளாக்கினாள்.

அந்த மகள் என்ன செய்தாள்? அம்மா பார்த்து வைத்த மாயாண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு தர்மாவைக் கட்டிக்கொண்டாள். தர்மாவுக்கு வேலை அதே தோட்டத்தில், செம்பனைக் குலை வெட்டுவது. மிச்ச நேரத்தில் ஆடு வளர்ப்பான். வாயில் சிகரெட் இல்லாமல் அவனை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"என்னை எந்தத் தோட்டத்துல இருந்து துரத்துனானுங்களோ, அங்கயே என் பிள்ளையக் கொண்டுபோய் வச்சிருக்கான் பாரு கலா. இவன சும்மா விட்டா நான் இருளாயி இல்ல" என்பாள் என்னிடம். அவனோடு ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவன் வந்தால் அவனுக்கு மட்டும் சூடு ஆறின தேத்தண்ணி.

போன வருடம் தினேஸ்வரி காய்ச்சலோடு அம்மா வீட்டுக்கு வந்தாள். உடம்பெல்லாம் வலி, தலை பிளக்கிறது என்றாள். தலைக்குத் தைலம் தேய்க்க முடியை விலக்கிய இருளாயி அக்கா, "ஐயையோ!" என்று போட்ட சத்தத்தில் நான் வேலியைத் தாண்டி ஓடினேன். பிடரியில், முடிக்குள்ளே, கறுப்பாக ஒரு வட்டப் புண். சுற்றிலும் சிவந்திருந்தது. சிகரெட்டை வைத்து அமுக்கியது போலவே இருந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"யாருடி வச்சா?"

"என்னாம்மா? அங்க புண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாதே."

"சூடு வச்சது தெரியாமலா இருக்கும்? வெளிய தெரியக்கூடாதுன்னு முடிக்குள்ள வச்சிருக்கான் பாவி! நீ அவனுக்கு வக்காலத்து வாங்கு!"

"சத்தியமா அவரு தொடலம்மா" என்று அந்தப் பெண் அழுதாள். அழுததே போதும், சாட்சி கிடைத்துவிட்டது அக்காவுக்கு.

போலீசுக்குப் போகலாம் என்றேன். முறைத்தாள். "போலீசு அவனக் கூப்பிட்டு நாலு புத்தி சொல்லி அனுப்பிருவான். இவரும் நல்லபிள்ளையா வந்து நிப்பாரு. அதுக்கா நான் இத்தன வருஷம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்? இது என் கணக்கு, நானே தீர்ப்பேன்." டாக்டர் புண்ணைப் பார்த்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று, மகள் முடியை இழுத்துப் பின்னி, அந்த இடத்தை மறைத்துக் கொண்டை போட்டுத்தான் கிளினிக்குக் கூட்டிப்போனாள். டிங்கிக் காய்ச்சல் இருக்கிறதா என்று ரத்தம் பார்த்தார்கள். இல்லை. காய்ச்சல் மாத்திரையோடு திரும்பி வந்தார்கள்.

மறுநாளே அவள் கணக்குத் தீர்க்கக் கிளம்பிவிட்டாள். பழைய தோட்டத்துக் கோடியில் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. அநியாயம் செய்தவன் பேரைச் சொல்லி அங்கே காசு வெட்டிப் போட்டால், வெட்டுப்பட்டவன் விளங்க மாட்டான் என்பது அந்தத் தோட்டத்து நம்பிக்கை. என் காரில்தான் போனோம். தர்மா கண்ணில் படக்கூடாது என்று அவள் நல்ல பாதையை விட்டுவிட்டு, அவன் ஆடுகள் மேயும் லாலான் புல்லுக்குள் இறங்கிக் கோயில் பின்பக்கமாகப் போனாள். இடுப்பு உயரப் புல். நான் அட்டைக்குப் பயந்து காரிலேயே இருந்தேன். உளியும் சுத்தியலும் மோதும் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

திரும்பி வந்தவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "ரெண்டு துண்டாப் போச்சு கலா. இனி அவன் கை புழுத்துப்போகும் பாரு" என்று சொல்லிவிட்டு, வழியில் சுங்காய் டவுனில் நிறுத்தச் சொல்லி எனக்கு ஐஸ் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுத்தாள்.

அவன் கை புழுக்கவில்லை. தினேஸ்வரிதான் கண்ணெதிரே கரைந்தாள். காய்ச்சல் இறங்கவே இல்லை. உடம்பில் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என்ன காய்ச்சல் என்று கண்டுபிடிக்க முடியாமல் டாக்டர்கள் மாறி மாறிக் கேட்டார்கள். புண், கடி ஏதாவது உண்டா என்றும் கேட்டார்கள். இல்லை என்றாள் அக்கா. கொண்டையை யாரும் அவிழ்க்காமல் தலைமாட்டிலேயே காவல் இருந்தாள். தர்மா வந்தபோது வார்டு வாசலில் நின்று அவள் கத்திய கத்தலில் அவன் ஒன்றும் புரியாமல் படியிறங்கிப் போனான். கார் நிறுத்துமிடத்தில் சிகரெட் மேல் சிகரெட்டாக ஊதிக்கொண்டு நின்றான். எனக்கும் அவன் மேல் ஆத்திரமாகத்தான் இருந்தது. பொண்டாட்டியை இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டு நடிக்கிறான் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் இருக்கும். குளிக்க வீட்டுக்கு வந்த அக்கா, ஈரத் தலையோடு என் சமையல்கட்டில் வந்து நின்றாள். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், நல்ல காய்ச்சல். சாரோங்கை இடுப்பில் கொஞ்சம் இறக்கிக் காட்டினாள். முடிச்சு போடும் இடத்தில் கறுப்பாக ஒரு வட்டப் புண். சுற்றிலும் சிவப்பு.

"கலா, எனக்கு யாருடி சூடு வச்சா?" என்றாள்.

அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். காரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. வார்டுக்குள் நுழைந்ததும் அக்கா நர்ஸ் ஷர்மினியின் கையைப் பிடித்து இழுத்து, டாக்டர் முன்னால் மகளின் கொண்டையைத் தன் கையாலேயே அவிழ்த்தாள். பிறகு வெட்கப்படாமல் தன் இடுப்பையும் காட்டினாள்.

டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, உடனே மருந்தை மாற்றச் சொன்னார். ஷர்மினி எங்களைத் தனியே கூப்பிட்டாள். "இது சூடு இல்லக்கா. உண்ணி கடிச்ச புண்ணு. கடிக்கும்போது வலியே தெரியாது. ஆடு, புல்லுன்னு போனீங்களா? இத அன்னிக்கே காட்டியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுலா."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். மூன்றாம் நாள் தினேஸ்வரி கண் திறந்து கஞ்சி கேட்டாள். பிழைத்தாள், கடவுள் புண்ணியம். பக்கத்துக் கட்டிலிலேயே அம்மாவுக்கும் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மாமியார் ஏன் அப்படிக் கத்தினாள், தன் பேரில் காசு வெட்டிப் போட்டது எல்லாம் அப்போதுதான் தர்மாவுக்குத் தெரிந்தது. அவன் யாரையும் ஏசவில்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். வண்டியில் ஏறும்போது தினேஸ்வரி சொன்னாள், "அம்மா, இனி அவருக்கு ஒரு தலைவலி வந்தாலும் நீ வெட்டுன காசுதான் எனக்கு ஞாபகம் வரும்."

மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரியாது. பழி வாங்கத்தான் தெரியும். அதனால் வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி தர்மாவின் ஆட்டுக்கொட்டகைக்குப் போகிறாள். கையுறை, முழுக்கை சட்டை, ஒரு இடுக்கி, மண்ணெண்ணெய் போத்தல். நகத்தால் நசுக்கக் கூடாது என்று ஷர்மினி சொல்லிக் கொடுத்திருந்தாள். "என் பிள்ளையையாடா கடிச்ச, கட்டையில போறவனே! கிட உள்ள!" என்று ஒவ்வொரு உண்ணியாகப் பிடுங்கிப் போத்தலில் போடுகிறாள். தர்மா ஆட்டின் காலைப் பிடித்துக்கொள்வான். பேச்சு கிடையாது.

ஒரு ஞாயிறு நானும் கூடப் போயிருந்தேன். வேலை முடிந்து கிளம்பும்போது, "அத்தே, திரும்புங்க. பிடரியக் காட்டுங்க" என்றான் தர்மா. உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்க்க. அவன் விரலிடுக்கில் எரிகிற சிகரெட் இருந்தது. வேண்டுமென்றேதான் அதை அணைக்கவில்லை, அவன் கண்ணைப் பார்த்தேனே! அக்காவும் பார்த்தாள். அவள் கொண்டையை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டு, அவன் முன்னே தலை குனிந்து நின்றாள். அவன் ஒவ்வொரு முடியாக விலக்கி, அவசரப்படாமல் பார்த்தான்.