பவானி வரைக்கும் ஒரு பொட்டுச் சந்தனம்

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோயமுத்தூர் கணபதியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து பவானிக்குக் கிளம்பினேன். நூறு கிலோமீட்டர் தூரம். போவது மோட்டார் சைக்கிளில், திரும்புவது பஸ்ஸில் என்று ஏற்பாடு. ஏனென்றால் அந்த மோட்டார் சைக்கிளை விற்கத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முந்நூற்றைம்பது சிசி, இரட்டைச் சிலிண்டர், இரண்டு சைலன்சர். பந்தயக்காரர்கள் ஆசைப்பட்ட வண்டி. கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திய பிறகு, நன்றாக அடிபட்ட ஒன்றை நான் வாங்கினேன். ஆறு வருடம் ஆயிற்று. அந்த ஆறு வருடத்தில் நான் பிரித்துப் பார்க்காத பாகம் அதில் இல்லை. கிடைக்காத உதிரிபாகத்தை எல்லாம் கணபதியில் லேத்துப் பட்டறைகள் கடைந்து கொடுத்துவிடும். மெக்கானிக் ஆறுச்சாமிக்கு என் வண்டி என்றால் பாதி பாசம், பாதி பயம்.

பயத்துக்குக் காரணம் ஒரு வியாதி. ஊருக்குள் சிங்கம் மாதிரி ஓடும். நெடும்பயணம் என்று எடுத்தால், முப்பது கிலோமீட்டர் வாக்கில் மூச்சு முட்டி நின்றுவிடும். கொஞ்ச நேரம் எதையாவது கழற்றி மாட்டினால் மறுபடி கிளம்பும். எல்லாப் பயணத்திலும் நிற்குமா என்றால் அதுவும் இல்லை. கார்புரேட்டர் என்றார்கள், மாற்றினேன். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் என்றார்கள், மாற்றினேன். ஆறுச்சாமி ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டே, “வண்டிக்குக் கோயமுத்தூர விட்டுப் போறதுக்கு மனசில்லீங்கொ, அவ்வளவுதான்” என்றார். மற்றவர்கள் சொன்னதைவிட அது எனக்குப் பொருத்தமாகப் பட்டது.

நான் விற்க ஒப்புக்கொண்டது காரமடை சம்பவத்துக்குப் பிறகுதான். மனைவி சாந்தாமணியையும் இரண்டு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போனேன். துடியலூர் தாண்டி, பெரியநாயக்கன்பாளையம் தாண்டி, காரமடை வரும்போது வண்டி நின்றது. பொழுது சாய்ந்த மசங்கல் நேரம், தூறல் வேறு. குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு லாரி எங்களை உரசிக்கொண்டு போனது. மறுநாள் சாந்தாமணி சொன்னாள், “இனி அது மேல நானும் ஏறமாட்டேன், புள்ளையும் ஏறமாட்டா. நீங்க ஒருத்தரு போனாலும் வர்ற வரைக்கும் எனக்கு உசுரு நிக்கறதில்லீங்க. வித்துப்போடுங்க.” சரியென்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகு ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிளம்பும்போது வழக்கம்போலச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். வெளியூர் கிளம்பும் வண்டிக்குப் பொட்டு வைக்காமல் அனுப்ப மாட்டாள். பெட்ரோல் மூடியின் நடுவில் கட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“விக்கப் போற வண்டிக்கு எதுக்கு அம்மணி?”

“நல்லபடியாப் போய்ச் சேரட்டுங்க” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏழு மணிக்குத் தெக்கலூர். சொல்லிவைத்தாற்போல வண்டி இருமியது, இழுத்தது, நின்றது. தள்ளிக்கொண்டுபோய் ஒரு பேக்கரி முன்னால் நிறுத்தினேன். டீ இரண்டு ரூபாய், பால் தாராளம். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர், “எண்ணெய் இருக்குதுங்களா?” என்று கேட்டார். மூடியைத் திறந்து காட்டினேன். பாதி டேங்க் இருந்தது. “அப்பக் காயில் சூடாயிருச்சுங்க. ஈரத்துணி போடுங்க” என்றார். போட்டேன். உதைத்தேன். கிளம்பிவிட்டது. டிரைவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கும் ஆறு வருட மர்மம் விடிந்துவிட்டது என்று சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் செங்கப்பள்ளி வரைதான். அங்கே மறுபடி நின்றது. நானே துணியை நனைத்துக் காயிலில் சுற்றினேன். உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். மூடியைத் திறந்து பெட்ரோலைப் பார்த்தேன், மூடினேன். பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். முதல் உதையிலேயே எழுந்துவிட்டது. அப்படியென்றால் பிளக்கா? போன மாதம்தான் புதுசாகப் போட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

பெருந்துறைக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை, நனைந்துகொண்டே ஓட்டினேன். நியாயப்படி மழையில்தான் வண்டி நிற்க வேண்டும். இதுவோ தண்ணீர் பட்டதும் வெறிபிடித்தாற்போல ஓடியது. சித்தோடு வரை ஒரு இருமல் இல்லை. ‘விற்கிற அன்றைக்கா இப்படி ஓடுவாய் சனியனே’ என்று வாய்விட்டுத் திட்டினேன். மழையோடு மழையாகக் கண்ணும் கொஞ்சம் கலங்கியது, ஒளிப்பானேன்.

பத்து மணிக்குப் பவானி. வாங்க இருந்தவர் குப்புசாமி, ஜமக்காளம் நெய்து விற்கிறவர். நாற்பது வயதிருக்கும். வீட்டு முன்கட்டில் சிவப்பும் பச்சையுமாக ஜமக்காளங்கள் சுருட்டி அடுக்கியிருந்தன. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “இந்தச் சத்தத்துக்குத்தானுங்க இத்தன வருசம் ஏங்கிக் கிடந்தேன்” என்றார். வியாபாரம் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. நெடுந்தூரத்தில் நிற்கும் என்பதையும் சொன்னேன். “நானெங்கீங்க நெடுந்தூரம் போறேன், அந்தியூருக்கும் ஈரோட்டுக்கும்தான்” என்று சிரித்தார்.

முதலில் பங்க்கில் கழுத்து வரை பெட்ரோல் நிரப்பினார். பிறகு கூடுதுறைக் கோயிலுக்கு ஓட்டிப்போனோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், ஹேண்டில்பாரில் மாலை. பூசாரி தட்டை நீட்ட, குப்புசாமி தன் கையாலேயே விளக்குக்கும் பெட்ரோல் மூடிக்கும் சந்தனத்தைத் தாராளமாக அப்பினார். கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தாயிற்று. “ஒருக்கா அந்தியூர் ரோட்டுல போயிட்டு வந்துருவோமுங்க” என்றார். நான் பின்னால் உட்கார்ந்தேன். என் வண்டியில் பின்சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பத்து கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். இருபுறமும் மஞ்சள் பயிரிட்ட காடு, ரோட்டில் ஈ காக்கை இல்லை. அங்கே நின்றது. குப்புசாமிக்கு முகம் வெளிறிவிட்டது. “ஏனுங்க, இப்பத்தானுங்களே ரொப்பி ஊத்துனோம்” என்றார். பழக்கதோஷத்தில் மூடியைத் திறந்தேன்.

உஸ்ஸ் என்று ஒரு சத்தம். ஆறு வருடமாக லாரிச் சத்தத்திலும் ஆள் சத்தத்திலும் கேட்காத சத்தம் அந்த அமைதியில் கேட்டது. காற்று உள்ளே பாய்ந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் மஞ்சளாக ஒரு துளி ஒட்டியிருந்தது.

பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்றுப் போக வேண்டும். அதற்காக மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. அதைச் சந்தனம் அடைத்திருந்தது. காற்றுப் போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. அரை டேங்க்கானால் முப்பது கிலோமீட்டர் தாங்கும், முழு டேங்க்கில் அந்த அளவுகூட இல்லை. நின்ற இடத்திலெல்லாம் எப்படியும் ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்திருக்கிறேன். வண்டி கிளம்பியது அதனால். பெயர் வாங்கியது காயிலும் பிளக்கும் ஈரத்துணியும். ஊருக்குள் போகும்போது சாந்தாமணி பொட்டு வைப்பதில்லை. ஞாயிறானால் நானே தேய்த்துக் கழுவிவிடுவேன். சில பயணங்களில் காய்ந்து உதிர்ந்திருக்கும், இன்று மழை கரைத்துவிட்டது. ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கேபிள் இழை ஒன்றை எடுத்துத் துளையைக் குத்தி, குப்புசாமிக்கு விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வண்டியையும் பார்த்தார், கோயில் இருந்த திக்கையும் பார்த்தார்.

“நீங்க சொல்றது நெசந்தானுங்க. ஆனா சாமிக்கு வெச்ச சந்தனத்தால வண்டி நின்னுபோச்சுன்னு எங்கூட்டுல போயி எப்படிங்க சொல்லுவேன்? பூசை போட்ட அன்னிக்கே நின்ன வண்டிங்க. மனசு ஒப்பலீங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

வேண்டாம் என்ற சொல்லை அவர் கடைசி வரை சொல்லவே இல்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய் இலை போட்டுச் சோறு போட்டார். குழந்தைக்கு என்று சின்ன ஜமக்காளம் ஒன்றைத் தன் கையாலேயே பின்சீட்டில் கட்டிவிட்டார். பஸ்ஸில் திரும்ப வேண்டியவன் வண்டியிலேயே திரும்பினேன்.

மூன்று மணிக்குப் பவானியை விட்டேன். செங்கப்பள்ளியில் நிற்கவில்லை. தெக்கலூரில் நிற்கவில்லை. நிற்கவில்லையே என்று சந்தோஷப்படுவதா, கொடுத்த வாக்குக் கெட்டதே என்று வருந்துவதா, சாந்தாமணியிடம் இதை எப்படிச் சொல்வது? வழியெல்லாம் இதே குழப்பம். நான் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்றுதானே அவள் அந்தப் பொட்டை வைத்தாள்.

வீட்டில் சைலன்சர் சத்தம் கேட்டு வெளியே வந்தவள் வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்ரோல் மூடியை விரலால் தடவிப் பார்த்தாள்.

“அப்பக் காரமடையில புள்ளையத் தூக்கிட்டு நின்னதும் என்னாலதானுங்களா?”

“அங்க ஒரு தொளை இருக்குதுன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும் அம்மணி.”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆறு வருசமா வண்டிய அக்கக்காப் பிரிச்சுப் போட்டீங்க. மேல இருக்குற ஓட்டை கண்ணுக்குத் தெரியலீங்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். விற்கும் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மேட்டுப்பாளையம் போக வேண்டியிருந்தது. அவளும் குழந்தையும் பஸ்ஸில் வருவார்கள் என்று நினைத்து, நான் மட்டும் வண்டியை வெளியே எடுத்தேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள் சாந்தாமணி. பெட்ரோல் மூடி வரைக்கும் விரல் போயிற்று, நின்றது. விளக்கைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினாள். கடைசியில் என் நெற்றியில் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தாள்.

“இங்க அடைச்சா ஒண்ணும் நிக்காதுங்களே?” என்று கேட்டாள். அப்புறம் மகளை என் முன்னால் உட்காரவைத்துவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.