பழையதை நீக்கவா? ‘ஆம்’ என்றேன்

போன வருடம், நல்ல வெயில் காலம். பதுளையில் பஸ் ஏறி, கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குப் போயிருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் போகும் குழந்தைகளின் எடை, உயரம் பதிவதற்கு நான் எழுதிய மென்பொருளைப் போட்டுக் கொடுக்கும் வேலை. வீட்டுக் கணினியில் குதிரையாக ஓடியது, அங்கே கண்ணையே திறக்கவில்லை. அது ஓட ‘ரன்டைம்’ என்று ஒன்று அடியில் இருக்க வேண்டும். அங்கே இருந்ததோ பழைய பதிப்பு.

இவ்வளவுதானே என்று, கொண்டுபோன புதிய பதிப்பை ஏற்றினேன். பழையதை நீக்கவா என்று கேட்டது. பெரிய மனிதத் தோரணையில் ‘ஆம்’ என்று தட்டினேன். என்னுடையது திறந்தது, அதே கணினியில் இருந்த, கொழுந்து நிறுக்கும் மென்பொருள் செத்தது. அந்தப் பழையதை நம்பித்தான் அது இத்தனை காலமும் பிழைத்திருக்கிறது!

பகல் நிறுவைக்குப் பெண்கள் கொழுந்தோடு வந்துவிட்டார்கள். கணினியோடு இணைத்த தராசுதான், கைத்தராசு என்ற பேச்சே அங்கு இல்லை.

“காலையில நல்லாத்தானே இருந்திச்சு? இவரு தொட்ட பொறகுதான் வாயத் தொறக்க மாட்டேங்குது” என்றார் ஒரு அக்கா.

“இருங்கக்கா, இந்தா ஆயிருச்சு” என்றேன். அவசரத்தில் நான் இழுத்த இழுப்பில் மவுஸ் மேசையிலிருந்து குதித்து உயிர் தப்பியது.

“என்னாங்க ஆயிருச்சு? புள்ள பாலுக்கு அழுவும். நிறுக்காம போனா கொழுந்து காஞ்சி நிறை கொறைஞ்சிரும்” என்றாள் ஓர் இளம் தாய்.

பிள்ளைகளுக்கு நல்லது செய்ய வந்தவன் ஒரு பிள்ளையின் பாலை மறித்துக்கொண்டு நின்றேன். பழையதைப் பதிவிறக்கலாம் என்றால் சிக்னல் இல்லை.

ஆபீஸ் கிளாக்கர் ஐயா பெருமூச்சு விட்டார். “சார், கீழ் டிவிசன் ஆபீசுலயும் இதே மாதிரி மிசின்தான். அதையாவது உசிரோட விட்டு வைங்க.”

ஆட்டோ பிடித்துக் கீழே ஓடினேன். அங்கே எதையும் ஏற்றாமல், எதையும் நீக்காமல், சாமி கும்பிடுகிற பக்தியோடு பழைய ரன்டைமை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்தேன். திரும்பி வந்து நிறுவை மென்பொருளின் பக்கத்திலேயே அதை வைத்து, இதைப் பிடித்துக்கொள் என்று வழிகாட்டியதும், தராசில் எண் மின்னியது.

“மொதல்ல அவள விடுங்கடி” என்றார் அந்த அக்கா. நிறுத்ததும் இளம் தாய் காம்பராவை நோக்கி ஓடினாள்.

இப்போதெல்லாம் என் மென்பொருளுக்கு வேண்டிய ரன்டைமை அதன் மடியிலேயே கட்டி அனுப்புகிறேன். பூசணிக்காய் மாதிரி ஊதிவிட்டது என்று எல்லோரும் திட்டுகிறார்கள். திட்டட்டும், அடுத்தவர் கணினியில் எதன்மேல் எது நிற்கிறது என்பது எனக்குத் தெரியாது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.