துடைத்தால் வருகிற வயசு

நல்லா இருக்கிற முகத்தைக் கிழடாக்கிவிட்டு, "பிரமாதம்"னு பேர் வாங்குவதுதான் நாடக மேக்கப்காரன் பொழைப்பு. வீட்டில் வயசானவர்களை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களே, நீங்கள் என் கட்சி, கேளுங்கள்.

பென்சிலுக்கு வேலையில்லை

விவேக் நகரில் நாங்கள் போட்டது ஒரு அப்பாவின் கதை. பாடுபட்டு வளர்த்த மகன் கடைசியில் அவரை முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப் போவான். அப்பாவாக நடித்தவர் சவரிமுத்து சார், எழுபதைத் தாண்டியவர். நெற்றிக்கோடு போடப் பென்சிலைச் சீவிக்கொண்டு போனேன். போட இடமே இல்லை, ஆண்டவரே போட்டு வைத்திருந்தார்.

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பென்சிலை உள்ள வைப்பா. முதல் சீன்ல நான் ஃபேக்டரிக்குப் போயிட்டிருக்கேன். தலைக்கும் மீசைக்கும் மையைப் பூசி என்னைச் சின்னவனாக்கு. கடைசி சீனுக்குத் துடைச்சு விட்டாப் போதும், கிழவன் தானா வந்துடுவான்."

திட்ட வராத மகன்

மகனாக நடித்த கார்த்தி சந்தாபுராவில் இருக்கிறான், ஐ.டி. வேலை. சொந்த ஊர் ஆம்பூர். அப்பா அங்கே தனியாக. ஒத்திகையில் சவரிமுத்து சாரைத் திட்டவேண்டிய இடம் வந்தால் பையனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"உங்க அப்பாகிட்ட போன்ல எப்படிப் பேசுவியோ அப்படிப் பேசுடா" என்றார் சார். பையன் சொன்னான்: "அப்படிப் பேசினா டயலாக்கே ரெண்டு வரிதான் சார்."

ஆட்டோவில் வந்த கதாநாயகன்

ஒருநாள் ஒத்திகைக்குச் சாரைக் காணோம். ஜீவனஹள்ளியிலிருந்து பஸ் ஏறினவர் எங்கேயோ இறங்கி, எங்கே போகிறோம் என்பதே மறந்து நின்றிருக்கிறார். சட்டைப்பையில் இருந்த மகள் நம்பருக்குப் போன் போட்டு, ஓர் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டார். பின்னாலேயே மகள் ஸ்டெல்லா, ஆபீசிலிருந்து அப்படியே.

நாடகத்தை நிறுத்திவிடச் சொன்னாள். சார் சின்னப்பிள்ளை மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். கடைசியில், "இந்த ஒரு தடவை. மேடையில தடுமாறினீங்கன்னா, இதோட நாடகம் முடிஞ்சுது" என்று அவரிடம் கறாராகச் சொன்னாள். நான் சமாதானத்துக்குப் போனேன். அதற்கு அவள் கேட்டாள்: "வசனத்தை மறந்தா எடுத்துக் குடுக்க இங்க ஆள் இருக்கு அங்கிள். ரோட்டை மறந்தா யாரு எடுத்துக் குடுப்பா?"

காபி ஆறுது

நாடகத்தன்று ஹால் நிரம்பியிருந்தது. ஸ்டெல்லா முன்வரிசையில். கடைசி சீனுக்கு நான் தேங்காயெண்ணெய் தொட்டு மையைத் துடைத்து அனுப்பினேன்.

இந்தக் கதையில் ஒரு கண்ணி உண்டு. முதல் சீனிலும் கடைசி சீனிலும் மகன் ஒரே வசனம்தான் பேசுவான்: "அப்பா, காபி ஆறுது." கடைசி சீனில் அப்பா, "பெட்டியை எடுப்பா, கிளம்பலாம்" என்று சொல்லவேண்டும். சார் சொன்னது முதல் சீன் வசனம்: "டிபன் பாக்ஸ் எங்கடா? ஃபேக்டரி பஸ் போயிடும்!"

திரை ஓரத்திலிருந்து "பெட்டி, பெட்டி" என்று எடுத்துக் கொடுத்தார்கள். காதில் விழவில்லை. மையில்லாத அந்த முகம், டிபன் பாக்ஸைத் தேடி மேடையெல்லாம் அலைகிறது. கார்த்தியும் முதல் சீனுக்கே போய்விட்டான். கையிலிருந்த காபி டம்ளரையே டிபன் பாக்ஸாக நீட்டி, "இந்தாங்கப்பா, பாத்துப் போயிட்டு வாங்க" என்றான். சார் டம்ளரோடு ட்யூட்டிக்குக் கிளம்பி, இந்தப்பக்கம் என்னிடம் வந்து சேர்ந்தார். திரையைப் போட்டோம். கைதட்டல் அடங்கவே இல்லை. முன்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார்: "எங்க மாமனாரும் இப்படித்தாங்க, தினம் காலையில ட்யூட்டிக்குக் கிளம்பிடுவாரு."

திரைக்குப் பின்னால்

"என்னப்பா, அதுக்குள்ள ஸ்க்ரீன் போட்டுட்டீங்க? பெட்டி வசனம் நான் இன்னும் சொல்லலையே" என்றார் சார். சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டெல்லா வந்தாள். வீட்டில் வசனம் கேட்டுச் சரிபார்த்தவளே அவள்தான், அவளிடம் எதை மறைப்பது?

என் கையிலிருந்த பஞ்சை வாங்கி, மீசையோரம் நான் விட்டுவிட்ட மையைத் துடைத்தாள். சார் கண்ணைத் திறக்கவில்லை. "நாடகம் முடிஞ்சுதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். "அடுத்த நாடகத்துக்குத் திரை ஓரத்துல நான் நிக்கறேன்ப்பா. நீங்க எந்த சீனுக்குப் போனாலும் நானும் வர்றேன்."

எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகிற கிழம்தான் என் பெட்டியில் இருக்கிறது. போகாத கிழத்தோடு சேர்ந்து நடிக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.