காலி நாற்காலி

சொன்னால் வெட்கக்கேடு. விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் நான் தேடித் தேடிப் பார்ப்பது, மாலத்தீவில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் காலி நாற்காலியை. பல வருடம் அல்லாடி இப்போதுதான் அங்கே கட்டுப்படியாகும் இன்டர்நெட் ஒன்று கிடைத்திருக்கிறது. அறுபடாமல் நிற்கிறதா என்று இங்கிருந்தே வேவு பார்க்க, கம்ப்யூட்டரையும் கேமராவையும் ஓடவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். நின்றால் வைத்துக்கொள்வேன், இல்லையென்றால் ரத்து.

இருங்காட்டுக்கோட்டை பிரௌசிங் சென்டரில் நண்பகல். கம்பெனி பஸ்கள் போய்விட்டதால் தெருவில் ஈ காக்கை இல்லை. திரையில் என் கூடம் மங்கலாகத் தெரிகிறது. நான் செத்த பிறகும் இப்படித்தான் இருக்கும்போல, சௌகரியமாக.

"இன்னா சார், ஆளில்லாத வூட்டப் பாத்துகினு கீறீங்க?" என்கிறார் கடைக்காரர் சேகர்.

"லைன் கட்டாகுதான்னு பாக்குறேங்க."

"கட்டாவல சார். ஆனா ஆளு கீதே!"

படம் ஒருமுறை துள்ளுகிறது. நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார். முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள். அசையாமல் என்னையே பார்க்கிறார். சேகர் ஓசையில்லாமல் தன் ஸ்டூலைப் பின்னால் நகர்த்திக்கொள்கிறார்.

எதிர் டெலிபோன் பூத்துக்கு ஓடி, மாலத்தீவில் என் வீட்டு மாற்றுச் சாவி வைத்திருக்கும் மாடிவீட்டு நாகர்கோவில் வாத்தியாரை செல்லில் கூப்பிடுகிறேன்.

"நான்தான் சார் உக்காந்திருக்கேன்," என்கிறார் அவர். "லைன் அருமையா நிக்குது. நீங்க அவசரப்பட்டு வராண்டாம்."