எண்பது பாகைக் குளிர்

திருகோணமலையில் பிறந்தவளுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும்? எனக்குத் தெரிந்த ஒரே எதிரி வெயில்தான். அதனால்தான் அந்தக் கிளைடரின் மோட்டர்ப் பெட்டியில் காற்றுப் போக நான்கு துளைகள் போட்டேன். பலூனில் கட்டி மேலே அனுப்பி, பதினேழு கிலோமீற்றர் உயரத்தில் கழற்றிவிட்டால், காற்றை அளந்தபடி தானே மிதந்து வந்து கடலில் இறங்க வேண்டிய சின்ன விமானம் அது. அதன் வாலைத் திருப்பும் மோட்டரைத் தெரிவு செய்ததும் நான்தான். அந்த உயரத்தில் மைனஸ் ஐம்பத்தாறு பாகை என்றது பாடப்புத்தக அட்டவணை. அறுபது வரை சோதித்துவிட்டு, கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அந்த அட்டவணை எங்களுக்கானது அல்ல. நிலம் கொதிக்கும் எங்கள் பக்கத்தில்தான் அந்த உயரத்து வானம் இன்னும் குளிர்ந்து கிடக்கிறது. பலூன் ஏறிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

குச்சவெளிக் கரையில் நின்று திரையைப் பார்த்தேன். மைனஸ் ஐம்பத்தாறு. அறுபத்தைந்து. எழுபத்தொன்பதில் வாலை ஆட்டிப் பார்க்கக் கட்டளை அனுப்பினேன். வால் அசையவில்லை. துளைகள் வழியே குளிர் புகுந்து மோட்டரின் கிறீஸ் இறுகிவிட்டது. கிளைடரைக் கழற்றும் நேரமோ முன்பே பதிந்து வைத்தது, நிறுத்த வழியில்லை.

கீழே கடலில் ஒரே ஒரு படகு நின்றது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் அறிவித்து, மற்றப் படகுகளை அன்று கரையில் நிறுத்தியிருந்தோம். கிளைடரை எடுத்துவரப் போயிருந்தவர் எங்கள் குழுவின் பொறுப்பாளருடைய மூத்த சகோதரர். நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

கழன்ற கிளைடர் சுழன்று விழத் தொடங்கியது. அங்கே காற்றின் அடர்த்தி கரையில் இருப்பதில் ஏழில் ஒரு பங்குதான். இறக்கைக்குப் பிடிமானமே இல்லை.

பொறுப்பாளர் போனை எடுத்தார். "நானா, எஞ்சினைப் போடுங்க. அது எங்கட கட்டுப்பாட்டில இல்ல."

"எந்தப் பக்கம் போறது?" நானாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார்.

"தெரியாது சேர். மோட்டர் இறுகிட்டுது. என்ர பிழை."

அவர் முகம் வெளிறிப்போனது. நான் கட்டளையை அனுப்பிக்கொண்டே இருந்தேன். எட்டுக் கிலோமீற்றர். அசைவில்லை. ஐந்து. அசைவில்லை. அந்த உயரத்தில் வெப்பநிலை மைனசிலிருந்து பூச்சியத்துக்கு ஏறியது. மூன்றில் கிறீஸ் இளகி, வால் ஒருமுறை துடித்தது. காற்றும் அடர்ந்து இறக்கையைத் தாங்க, சுழற்சி நின்றது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆழ்கடல் பக்கம் திருப்பினேன். நானாவின் படகிலிருந்து நாலு பாகம், ஏழெட்டு மீற்றர்தான், தள்ளித் தண்ணீரில் அடித்தது.

கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. நானா வந்து கிளைடரை மணலில் போட்டார். அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் தொப்பலாக நனைந்திருந்தது.

"இதைச் செஞ்சது ஆர்?"

"நான்தான்."

"அடுத்த முறை கீழ நீங்க நில்லுங்க, தங்கச்சி."

அவர் சிரிக்கவில்லை. புதிய மோட்டரைத் தொண்ணூறு பாகைக் குளிர் வரை சோதித்த பிறகுதான் மறுபடி பலூன் விட்டோம். அன்று படகில் நானாவுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், கழுத்து வலிக்க மேலேயே பார்த்தபடி.