நான் மாற்றிச் சொன்ன பதில்

எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் நடத்தினேன். தோட்டத்துத் தமிழரும் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவரும் ஒன்றாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும் என்பது என் ஆசை. பள்ளிக்கூட ஆசிரியரான எனக்கு இரு மொழியும் தெரியும். மொழிபெயர்ப்பும் நானே.

முதல் கூட்டத்தில் பெண்கள் நாற்காலியில் உட்காரவே இல்லை. “நாங்க உக்காந்தத கணக்கப்புள்ள பாத்துட்டு நாளைக்கு அரைநாள் பேர் போட்டா, மிச்சச் சம்பளத்த நீங்க தருவீங்களா மாஸ்டர்?” என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்து பறிப்பவள். புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் ரோட்டோரத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில், இருந்தாள்.

பிறகு காலம் மாறியது. பஸ்ஸில் தமிழ் பேசினால் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்திலும் மழையையும் மரக்கறியையும் பற்றித்தான் பேச்சு. “மனசுல இருக்கிறத பயப்படாம கேளுங்க” என்று நான்தான் வற்புறுத்தினேன்.

முதல் கூட்டத்தில் சம்பளம் கேட்டுச் சிரிக்கவைத்தவள் எழுந்தாள். லயத்துக்குப் பால் ஊற்றும் சிங்களப் பெரியவரைக் காட்டினாள். கிராமத்தில் முதல் வீடு அவருடையது.

“ஏதாச்சும் நடந்து, புள்ளைங்களோட ஓடி வந்தா கதவத் தொறப்பாரா? அத மட்டும் கேளுங்க மாஸ்டர்.”

நான் சிங்களத்தில் கேட்டேன். பெரியவர் சிங்களத்திலேயே சொன்னார்: “என்னால் முடியாது. திறந்தால் என் வீட்டையும் கொளுத்துவார்கள். இந்தப் பக்கம் வர வேண்டாம். சத்தம் கேட்டதுமே மேலே காட்டுக்குள் போகச் சொல்லுங்கள்.”

அந்த மண்டபத்தில் முதன்முதலாக ஒருவர் உள்ளதைச் சொல்லியிருந்தார். அதைச் சொன்னால் அடுத்த மாதம் யாரும் வரமாட்டார்கள் என்று பயந்தேன்.

“கட்டாயம் தொறப்பாராம்” என்றேன்.

கைதட்டினார்கள். எதற்கென்று புரியாமல் பெரியவர் என் முகத்தையே பார்த்தார்.

கலவரம் வந்த அன்று லயத்துச் சனமெல்லாம் காட்டுக்குள் ஓடியது. அவள் மட்டும் புருஷனையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கிராமத்துக்கு இறங்கினாள். கதவு திறக்கவில்லை. திரும்பும் வழியில் கும்பல் மறித்தது. பிள்ளைகளோடு அவள் தப்பினாள். புருஷன் தப்பவில்லை.

அகதிகளைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்தேன்.

“தொறப்பேன்னுதானே சொன்னாரு மாஸ்டர்?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

“அப்படித்தாம்மா சொன்னாரு” என்றேன்.

அவள் முற்றத்துக்கு வந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். கிராமம் இருந்த திசையைப் பார்த்துத் தூற்றினாள். “நாசமாப் போவான், பொய்யன்.”

நான் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.