கரண்டு இல்லாத நாள்

ஸ்ரீ சிட்டியில் நான் வேலை செய்யும் கம்பெனியில் இன்று கரண்டு போனது. மெஷின்கள் அடங்கியதும் வெளியே ஒரு குருவி கத்துவது கேட்டது. சொந்த ஊரான நகரியில் எங்கள் விசைத்தறி நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன.

அப்போது வாரம் ஒருநாள் கரண்டு இருக்காது. அன்று என் அப்பா, நாங்கள் கூப்பிடும் நைனா, பக்கத்து மலைக்குப் போய் மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் ஓர் இழை அறுந்தாலும் அவர் கை உடனே தறியை நிறுத்தும்.

நான் பத்தாவது படிக்கையில் கரண்டு நிற்காமல் வந்தது. நைனாவும் தறியை விட்டு நகரவில்லை.

"ஒருவாட்டி மலைக்குப் போய்ட்டு வாயேன்யா. மந்தமா கீற," என்றாள் அம்மா.

"மலையாடி துன்னக் குடுக்கும்?"

அடுத்த மாதம் ஓடும் தறிக்குள் கையை விட்டு இரண்டு விரல்களை இழந்தார். ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார்: "தறி ஓடிக்கினு இருந்ததே தெரியலடா."

இன்று கரண்டு திரும்பி வருமுன், இனி ஞாயிறும் வேலைக்கு வருவதாக நேற்று நான் எழுதிக்கொடுத்த தாளை சூப்பர்வைசரிடம் திருப்பிக் கேட்டேன். அதை அப்போதே மேலே அனுப்பிவிட்டாராம்.